அடித்த பெயருக்குப் போன மடல்

எங்கள் மத்ரஸாவின் மேசை இழுப்பறையில் நீளவாட்டுப் பேரேடு ஒன்று இருந்தது. மாதச் சந்தா செலுத்துவோர், மாணவர்களுக்கு ஒருவேளை உணவளிப்போர், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து ரமலானில் நன்கொடை அனுப்புவோர் என எல்லோருடைய பெயரும் முகவரியும் அதில் இருந்தன. ஆண்டுதோறும் ஷஅபான் பிறை பிறந்ததும் அதை விரித்து வைத்துக்கொண்டு உறைகளில் முகவரி எழுதுவோம். யாரேனும் வஃபாத்தாகி விட்டால், அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் 'மர்ஹூம்' என்று குறித்துவிடுவோம். உறை எழுதுகிறவர் கண்ணில் அந்தச் சிவப்புக் கோடு பட்டுவிடும். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பேரேடு கணினிக்குள் குடிபெயர்ந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது; இன்றும் தெரியாது. விடுமுறையில் வந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர், பெயர்களையெல்லாம் ஒரு விரிதாளில் ஏற்றி, பலருக்கும் ஒரே நேரத்தில் மின்மடல் அனுப்பும் கருவி ஒன்றோடு அதை இணைத்துக் கொடுத்தார். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. "இனிமேல் நீங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள் ஹஜ்ரத், மற்றது தானே நடக்கும்" என்றார். நடந்தது. மிக நன்றாகவே நடந்தது. அந்த மகிழ்ச்சியில் நான் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது.

ரஜப் மாதத்தில் எங்கள் நன்கொடையாளர் ஒருவர் காலமானார். ஜனாஸாத் தொழுகையில் நானும் நின்றேன். அன்று மாலையே விரிதாளைத் திறந்து அவருடைய வரியை என் கையாலேயே நீக்கினேன். ஷஅபான் கடைசியில் எங்கள் ரமலான் மடல் அவர் பெயரைச் சொல்லி, நலம் விசாரித்து, சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் உதவ வேண்டி அவர் வீட்டைச் சென்றடைந்தது. அதைத் திறந்து படித்தவர் இத்தாவில் இருந்த அவருடைய மனைவி. மகன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். கோபிக்கவில்லை. "அத்தாவுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கிறது, ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீக்கிய பெயருக்கு மடல் எப்படிப் போயிற்று? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இந்த இணைப்பின் உள்ளே புகுந்து பார்த்தேன்.

இதில் மூன்று தரப்புகள் உள்ளன. ஒருபுறம் பெயர்களைத் தாங்கும் விரிதாள். மறுபுறம் மெயில்சிம்ப் போன்ற மடல் அனுப்பும் கருவி. இரண்டுக்கும் நடுவே ஏவலாளாக ஓர் இணைப்புச் சேவை. 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜேப்பியர் இவ்வகைச் சேவைகளுள் புகழ்பெற்றது. செக் நாட்டின் பிராக் நகரில் இன்டெக்ரோமேட் என்ற பெயரில் தொடங்கி, 2022-ல் 'மேக்' என்று பெயர் மாற்றிக்கொண்டது இன்னொன்று. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை, சங்கரன்கோவில் வழியே தென்காசிக்குச் சென்றால், அதை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் எனத் தோன்றி 2009-ல் பெயர் மாறிய இந்நிறுவனம், விரிதாளுக்கு ஜோஹோ ஷீட், மடலுக்கு ஜோஹோ கேம்பைன்ஸ், இணைப்புக்கு ஜோஹோ ஃப்ளோ என மூன்றையும் தானே வழங்குகிறது.

ஏவலாளுக்கு நாம் இடும் கட்டளை எளியது: 'விரிதாளில் புதிய வரி ஒன்று சேர்ந்தால், அதிலுள்ள பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எடுத்துப்போய் மடல் கருவியின் பட்டியலில் சேர்.' திரையில் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தே இதைச் சொல்லிவிடலாம். அவன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விரிதாளை எட்டிப் பார்ப்பான். புதிய வரி இருந்தால் கட்டளையை நிறைவேற்றுவான். 'வரி நீங்கினால் பட்டியலிலிருந்தும் நீக்கு' என்று நாம் அவனிடம் சொல்லவில்லையே! மடல் கருவி அனுப்பும் நேரத்தில் நம் விரிதாளைப் புரட்டுவதில்லை. தன்னிடம் உள்ள நகலையே பார்க்கிறது. நான் பேரேட்டில் அடித்தேன். நகலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. இது ஒருவழிப் பாதை. நான் கேட்க மறந்த கேள்வி அதுதான்.

இப்போது நாங்கள் எந்த வரியையும் நீக்குவதில்லை. விரிதாளில் 'நிலை' என்றொரு பத்தி சேர்த்திருக்கிறோம். அதில் 'மர்ஹூம்' என்றோ 'வேண்டாம்' என்றோ எழுதினால், மடல் பட்டியலிலிருந்து அவரை விலக்குமாறு இரண்டாவது கட்டளை ஒன்று இட்டிருக்கிறோம். மடலின் அடியிலுள்ள விலகல் இணைப்பை யாராவது அழுத்தினால், அச்செய்தி திரும்பி வந்து விரிதாளில் பதிய மூன்றாவது கட்டளை. பழைய சிவப்பு மை இப்படி மூன்று கட்டளைகளாகி விட்டது.

எங்களைப் போன்ற குடும்பங்களில் வரும் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அத்தாவுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து வீட்டில் ஒரே மின்னஞ்சல் முகவரி இருக்கும். மடல் கருவியோ முகவரியைக் கொண்டுதான் ஆளை அறிகிறது. ஒரே முகவரியில் மூன்று பெயர்களை ஏற்றினால், கடைசியாக ஏறிய பெயர் முன்னவற்றை அழித்துவிடும். தம்பியின் பெயரில் அத்தாவுக்கு மடல் போகும். இத்தகைய வீடுகளுக்குக் குடும்பப் பெயரை இட்டுவிடுவது நல்லது. இணைப்பு ஓடிக்கொண்டிருக்கையில் பத்திகளை இடம் மாற்றுவதும், நடுவில் வெற்று வரி விடுவதும் ஏவலாளைத் தடுமாறச் செய்யும். புதிய பெயரைக் கடைசியிலேயே சேர்க்க வேண்டும். முதல் மடலை நம் சொந்த முகவரிக்கு அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

வணிகத்திலும் இம்முறை பெரிதும் உதவும். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரில் வாழும் கரிசல்காட்டு மக்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். சிறு கடைக்காரர் ஒருவர் தம் கணக்கு நோட்டில் உள்ள இருநூறு முகவரிகளை விரிதாளில் ஏற்றி, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன் விலைப்பட்டியலை மின்மடலில் அனுப்பலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் முகவரி தந்தது பார்சல் வந்து சேர்வதற்காக. மாதம் இரு மடல் அனுப்ப அது அனுமதியாகுமா?

அடுத்தவர் வீட்டுக்குள் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்றும், 'திரும்பிச் செல்லுங்கள்' என்றால் திரும்பிவிட வேண்டும் என்றும் ஸூரத்துந் நூர் கற்பிப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அஞ்சல் பெட்டியும் ஒரு வாசல்தான் என்பது என் கருத்து. நாட்டின் சட்டமும் இப்பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர், ஒரே அழுத்தலில் விலகும் வசதி தர வேண்டும், முறையீடுகள் ஆயிரத்துக்கு மூன்றை எட்டாமல் காக்க வேண்டும் என்று கூகுள் வகுத்த விதி 2024-ல் நடைமுறைக்கு வந்தது. இருநூறு முகவரிக்காரரை ஒரே அழுத்தலில் விலகும் விதி தொடாது. வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு தொடும். ஆகவே விரிதாளில் 'அனுமதி தந்த நாள்' என்றொரு பத்தியும் வேண்டும். அது காலியாக இருக்கும் வரிக்கு மடல் போகாதபடி கட்டளையிலேயே நிபந்தனை வைக்கலாம்.

எங்கள் ரமலான் மடல் இப்போதும் மின்னஞ்சலில்தான் போகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன், விரிதாளை அன்று, மடல் கருவியின் பட்டியலையே அச்சிட்டு எடுத்துப்போய்ப் பள்ளிவாசல் மோதினாரிடம் கொடுக்கிறேன். மஹல்லாவின் ஜனாஸாக்கள் அனைத்தையும் அறிந்தவர் அவர். அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிப்பார். சென்ற முறை இரண்டு பெயர்களின் மேல் விரலை வைத்து நிறுத்தினார்.