38400 என்றொரு எண்

லினக்ஸில் ஒரு டெர்மினல் ஜன்னலைத் திறந்து எஸ்டிடிஒய் என்ற கட்டளையைக் கொடுத்தால், பதிலின் முதல் வரியிலேயே ஒரு வேகம் வந்து நிற்கும்: 38400 பாட். மேக் கணினியில் அதே கட்டளை 9600 என்கிறது. இரண்டுமே எதையும் அளந்து சொன்ன எண்கள் அல்ல. அந்த ஜன்னலுக்குப் பின்னால் கம்பி இல்லை, மோடம் இல்லை. நினைவகத்தில் ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிக்கிறது, அவ்வளவுதான். வேகத்தை 300 என்று மாற்றிப் பார்த்தேன். கணினி மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. திரும்பக் கேட்டால் 300 என்றே சொன்னது. ஆனால் ஆயிரம் கோப்புகளின் பட்டியல் முன்போலவே கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்தது.

அந்த எண்ணுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. பாட் என்பது பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த அலகு. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33இன் வேகம் 110 பாட். ஓர் எழுத்துக்கு 11 பிட்டுகள்: தொடக்கத்துக்கு ஒன்று, எழுத்துக்கு எட்டு, முடிவுக்கு இரண்டு. ஆக, நொடிக்குப் பத்து எழுத்துகள். 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட ஒரு திரையளவு உரையை அச்சிட அதற்கு 3 நிமிடம் 12 நொடி வேண்டும். 300 பாட் மோடத்துக்கு அதே வேலைக்கு 64 நொடி. 1978இல் வந்த விடி100, 9600 பாட்டில் அதை 2 நொடியில் நிரப்பியது. யூனிக்ஸ் தவழ்ந்தது டெலிடைப்பின் முன்னால்தான். எல்எஸ், சிபி, எம்வி என்று கட்டளைகள் சுருங்கியிருப்பதையும், ஈடி எடிட்டர் தவறு நேர்ந்தால் ஒற்றைக் கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்வதையும் அந்தப் பத்து எழுத்தோடு சேர்த்துப் பார்த்தால் சிக்கனம் புரியும்.

வேகத்தோடு இயந்திரத்தின் அசைவும் கணக்கில் சேர்ந்திருந்தது. ஒரு வரி முடிந்து அச்சுத்தலை இடப்பக்கம் திரும்ப ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். அது திரும்பிச் சேர்வதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால் தாளின் நடுவில் எங்கோ அச்சாகிவிடும். ஆகவே தலையைத் திருப்பும் குறியீடு முதலில், தாளை ஒரு வரி நகர்த்தும் குறியீடு அடுத்து என்று அனுப்பினார்கள்; தாள் நகரும் நேரத்தில் தலையும் வந்து சேர்ந்துவிடும். விண்டோஸின் உரைக்கோப்புகளில் ஒவ்வொரு வரியும் இன்றும் இந்த இரண்டு குறியீடுகளோடுதான் முடிகிறது. யூனிக்ஸில் இந்தக் காத்திருப்புக்கென்றே தனித் தாமத அமைப்புகள் இருந்தன. எஸ்டிடிஒய் கட்டளையோடு டிடிஒய்33 என்று ஒரு சொல் சேர்த்தால், எல்லாம் அந்த டெலிடைப்புக்கு ஏற்றபடி அமைந்துவிடும்.

பழைய வேகப் பட்டியலைப் படிப்பதே எனக்குப் பிடிக்கும். 50, 75, 110, 134.5, 150 என்று போகும். இடையில் நிற்கும் அந்த 134.5, ஐபிஎம் 2741 என்ற தட்டச்சு டெர்மினலுக்காக வந்தது. பூஜ்யமும் ஒரு வேகம்தான். இணைப்பைத் துண்டித்துவிடு என்று அதற்குப் பொருள். பட்டியலின் கடைசி இரண்டு இடங்களுக்கு எண்ணே இல்லை. வெளியிலிருந்து வரும் வேகம் அ, ஆ என்பதுபோல விட்டுவைத்திருந்தார்கள். பின்னால் அவை 19200, 38400 ஆயின. என் ஜன்னல் இன்று சொல்லும் எண், அன்று பெயர் வைக்காமல் விட்ட அந்தக் கடைசி இடம்.

இரு முனையும் ஒரே வேகத்துக்கு ஒத்துக்கொண்டால்தான் பேச்சு. தொலைபேசி வழியாக வருகிறவரின் வேகம் கணினிக்குத் தெரியாது. உள்நுழையச் சொல்லும் வரி அவருக்குக் குப்பையாகத் தெரிந்தால் பிரேக் விசையைத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் கணினி பட்டியலில் அடுத்த வேகத்துக்கு மாறும். எழுத்துகள் தெளியும்வரை இது நடக்கும்.

ஒத்துக்கொண்ட வேகத்தை நிரல்களும் மதித்தன. வீட்டில் 300 பாட் மோடத்தோடு வேலை செய்த பில் ஜாய், பெர்க்லியில் உருவாக்கிய விஐ எடிட்டரை எடுத்துக்கொள்வோம். இணைப்பு 600 பாட் அல்லது அதற்குக் கீழே என்றால் அது 8 வரிகள் மட்டுமே காட்டும். 1200 என்றால் 16. அதற்கு மேல் போனால்தான் முழுத் திரை. எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை நிரல் கேட்டறிந்து நடந்துகொண்டது. இன்று ஒரு பக்கம் திறக்கும்போது இப்படி யாரும் கேட்பதில்லை. கிராமத்துச் சிக்னலில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 8 வரி எனக்கு நினைவுக்கு வரும்.

பிறகு பிசி வந்தது. அதன் சீரியல் சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். அதைப் பதினாறால் வகுத்தால் 115200. அதுவே உச்சவேகம். 12ஆல் வகுத்தால் 9600. 48ஆல் வகுத்தால் 2400. 1991இல் வெளிவந்த லினக்ஸின் முதல் பதிப்பு சீரியல் போர்ட்டை அந்த 2400இல்தான் தொடங்கியது. மோடங்கள் வேகமெடுத்தபோது பழைய பட்டியல் 38400லேயே நின்றுவிட்டது. நிரல்களையெல்லாம் திருத்தாமல் இருக்க லினக்ஸ் ஒரு வழி வைத்தது: செட்சீரியல் கட்டளையால் ஒருமுறை சொல்லிவைத்தால், நிரல் 38400 கேட்கும்போது போர்ட் 57600 அல்லது 115200இல் ஓடும். எண்ணும் கம்பியும் பிரிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். பட்டியல் பின்னால் 40 லட்சம் வரை நீண்டது. பட்டியலில் இல்லாத வேகத்தையும் இப்போது கேட்கலாம்.

கம்பி போன பின்னும் எண் பயணம் செய்கிறது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும்போது, வரும் வேகம், போகும் வேகம் என்ற இரண்டு எண்களும் டெர்மினல் அமைப்புகளோடு சேர்ந்து போகின்றன. காத்திருப்பு ஒழிந்தது பெரிய நன்மை. 64 நொடி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

கம்பி இருக்கும் இடத்தில் எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சென்ற வாரம் இஎஸ்பி8266 சிப் உள்ள சிறு பலகை ஒன்றை யுஎஸ்பி வழியாக இணைத்தேன். 115200இல் கேட்டால் என் நிரலின் வரிகள் சுத்தமாக வந்தன. அதற்கு முன்னால், மின்சாரம் பாய்ந்ததும் வரும் சில வரிகள் மட்டும் சதுரமும் கேள்விக்குறியுமாகச் சிதறின. காரணம் கடிகாரம். 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து எழுதிய தொடக்க நிரல், பலகையில் இருக்கும் 26 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தேன்: 74880. அந்த வேகத்தை அமைத்து மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தினேன். சிப் எதனால் மறுதொடக்கம் ஆனது என்று சொல்லும் வரி, எழுத்துப் பிசகாமல் திரையில் வந்தது.