கேபிள் வழியே நுழையும் இரைச்சல்: ஹாம் நிலையம் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஜவ்வாது மலையடிவாரத்தில் கண்ணமங்கலம் போன்ற ஊரில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவருக்கு 7 மெகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். 144 மெகாஹெர்ட்ஸில் பேசினால் மலை மறித்துவிடும். 7-இல் ஆண்டெனாவைத் தாழக் கட்டினால் அலை செங்குத்தாக ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலிலேயே சென்னையிலும் சேலத்திலும் இறங்கும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோவில்தான் செய்தி அனுப்பினார்கள். அப்படியொரு மெல்லிய குரல் நாளை வந்தால், இரைச்சல் நிறைந்த பெட்டியில் அது கேட்காது.

அந்த இரைச்சலில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகின்றன. அதன் மிச்ச அலைகள் ஒயரிங்கில் பரவி, ஆண்டெனா கேபிளின் மேலுறைக் கம்பிவலையின் வெளிப்பக்கமாக ஏறி ரேடியோவுக்குள் வருகின்றன. நீங்கள் அனுப்பும் அலையும் இதே வழியில் திரும்பி வந்து பக்கத்து வீட்டு டிவியைக் கெடுக்கும். ஆகவே உரிமம் பெற்றவருக்கு இதைச் சரிசெய்வது கடமையும்கூட.

முதலில் ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்; பலர் இதை மறந்து, குற்றவாளியைத் தப்பவிடுகிறார்கள். இரைச்சல் அடங்கினால் காரணம் உங்கள் வீட்டில்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மருந்து ஃபெரைட் வளையம். '31' வகைப் பெரிய வளையத்தில் மெல்லிய கோஆக்ஸ் கேபிளைப் பத்துச் சுற்று வரை சுற்றி, ஆண்டெனாவோடு சேருமிடத்தில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒன்றும் வையுங்கள். சுற்று இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கேபிள் மேல் கவ்வும் ஒற்றை கிளிப் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக உதவாததும் இதனால்தான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையங்கள் இரும்புத்தூள் வகை. இந்த வேலைக்கு ஆகாது. இரைச்சல் தரும் சார்ஜரின் ஒயரையும் இதேபோல் சுற்றலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. இரைச்சல் குறையும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக எர்த் ஒயரைத் துண்டிக்காதீர்கள். அது உயிரைக் காக்கும் கம்பி. ஆண்டெனாவையும் கேபிளையும் மின்கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

மெயினை அணைத்தும் 'கரகர'வென்று தொடர்ந்தால், தெருக் கம்பத்தில் தளர்ந்த இணைப்பு பொறி விடலாம். கம்பத்தைத் தொடவோ தட்டவோ வேண்டாம். கம்ப எண்ணையும் நேரத்தையும் குறித்து மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகாவிட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அடுத்து மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம்.

பக்கத்து வீட்டுக் கருவிதான் காரணம் என்றால், உங்கள் உரிமம் அவர்கள் வாசற்படி தாண்டும் அதிகாரம் தருவதில்லை. கையடக்க ரேடியோவை எடுத்துப் போய்க் கேட்கச் செய்து, உங்கள் செலவிலேயே ஒரு வளையம் மாட்டிக் கொடுங்கள். உரிமம் இல்லாதவர் உங்கள் அலைவரிசையில் புகுந்து தொல்லை தந்தால் அது வேறு விஷயம்: நாள், நேரம், அலைவரிசையைப் பதிவேட்டில் எழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் அனுப்புங்கள்.