பழைய காரின் பெற்றோல் பம்ப்

சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்புறத்திலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலி எழும். சில கணங்கள் விரைந்து ஒலித்து, பின்னர் தளர்ந்து அடங்கிவிடும். இங்கிலாந்தின் எம். ஜி. பி. என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்போர் இவ்வொலிக்குச் செவிகொடுத்த பின்னரே எஞ்சினை இயக்குவர். ஒலி எழாத நாளில் பயணம் இல்லை.

ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை இவ்வண்டிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. இவற்றின் பெற்றோல் பம்ப், எஸ். யூ. என்னும் நிறுவனத்தின் ஆக்கம். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்து வணிகக் குடும்பத்தினர்; அவர்களுடைய முதற் கார்புரேற்றரில் தோலாலான துருத்தியே இருந்தது என்பது சுவையான செய்தி.

பம்பினுள்ளே மின்காந்தச் சுருள் ஒன்றும், அதனால் இழுக்கப்படும் மெல்லிய சவ்வும் உண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் சவ்வு பின்வாங்கித் தொட்டியிலிருந்து பெற்றோலை உறிஞ்சும். இழுப்பு முடியும் இடத்தில் ஒரு சிறு நெம்பு தாவி மின்தொடுமுனைகளைப் பிரித்துவிடும். மின்சாரம் அறுந்ததும், சுருள்வில் சவ்வை முன்தள்ளிப் பெற்றோலை எஞ்சினை நோக்கி அனுப்பும். கார்புரேற்றர் நிறைந்து அதன் வாயில் மூடிக்கொண்டால் வில்லால் தள்ள இயலாது. பம்பும் ஓய்ந்து நிற்கும். தள்ளும் அழுத்தமோ சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 இறாத்தல்தான்.

ஆகவே ஒலியே நோயையும் கூறும். ஓயாது விரைந்து ஒலித்தும் பெற்றோல் வராவிடில், தொட்டி வெறுமையாயிருக்கலாம், அல்லது உறிஞ்சும் குழாயின் மூட்டொன்றில் காற்றுப் புகலாம். ஒலியே இல்லையெனில் பெரும்பாலும் தொடுமுனைகள் கருகியிருக்கும். நடுவழியில் நின்றவர்கள் பம்பை மெல்லத் தட்டி உயிர்ப்பித்து வீடு சேர்ந்த கதைகள் பல. அது வீடு சேர்வதற்கான வழியேயன்றி மருந்தன்று. புதிய பம்பை வாங்குமுன் மின்கம்பியில் மின்சாரம் வருகின்றதா, உடலோடு சேரும் இணைப்பில் துரு ஏறியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பம்பில் பழுதில்லாதபோதே அதனை மாற்றிப் பணத்தை வீணாக்கினோர் சிலரல்லர்.

மாற்றுவதாயின் அச்சத்துக்குரியது ஆவியே. பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழிறங்கித் தங்கும். ஆதலின் வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி இவ்வேலையைச் செய்தல் ஆகாது. காற்றோட்டமான வெளியிடமே ஏற்றது. பம்ப் வலப்புறப் பின்சில்லுக்கு அருகிலும், முற்கால வண்டிகளின் இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் ஆசனங்களுக்குப் பின்னாலும் இருக்கும். அவ்வளவு அண்மையில் ஒரு பொறி பறந்தாலும் போதும். ஆகவே முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வண்டியை உயர்த்தினால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே நுழையாது, உறுதியான தாங்கிகளை வைத்தல் வேண்டும். தொட்டியில் பெற்றோல் குறைந்திருக்கும் நாளைத் தெரிந்துகொள்வதும் நன்று. குழாயைக் கழற்றியதும் அது வழிந்தோடக்கூடும். வாயால் உறிஞ்சி வெளியேற்றும் வழக்கம் நுரையீரலுக்குக் கேடு. அதனை அறவே விடுக.

புதிய பம்புகள் சிலவற்றில் தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுச் சுற்று உண்டு. இங்கேதான் பலர் இடறுகின்றனர். 1967 வரையிலான எம். ஜி. பி. வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. பின் வந்தவற்றில் எதிர்முனை. பழைய தொடுமுனைப் பம்புக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. மின்னணுப் பம்பையோ முனைமாற்றி இணைத்தால், அது பூட்டிய அன்றே கெட்டுவிடலாம். வண்டி பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டிருக்கவும் கூடுமாதலால், ஆண்டை மட்டும் நம்பாது பற்றரியைக் கண்ணால் பார்ப்பதே முறை.

பழைய இறப்பர்க் குழாய்களையும் உடனே மாற்றிவிடுதல் தகும். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகின்றது. எதனோல் பழைய இறப்பரை அரித்து வெடிக்கச் செய்யும்.

எல்லாம் பூட்டியபின், எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் திருப்புக. ஒலி விரைந்தெழுந்து, தளர்ந்து, அடங்கும். அதன்பின் மூட்டுகள் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் தொட்டு ஈரம் உண்டா என்று பார்த்து, இல்லையெனில் எஞ்சினை இயக்கலாம்.