பத்துக்குப் பன்னிரண்டில் பதினோரு வருஷம்

“அத்தை, இது வீடா, தீப்பெட்டியா? திரும்பினா சுவர், குனிஞ்சா கட்டில்! இதுல ஒரு குழந்தையையும் வச்சுக்கிட்டு எப்படிக் குடித்தனம் பண்றது?”

போன மாதம் டோம்பிவிலியிலிருந்து என் தம்பி மகள் போனில் அழாத குறையாகக் கேட்டாள். மும்பையில் வேலை என்றால் வீடு அப்படித்தான் வாய்க்கிறது. ஒரே ஓர் அறை, ஒரு சமையலறை, இடுப்பில் பத்து மாதக் குழந்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கஷ்டத்தை நினைத்து அல்ல. இதே கேள்வியை ஒரு காலத்தில் நான் என் அம்மாவிடம் கேட்டதை நினைத்து!

1983-இல் கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்கு. ஐந்து குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு, ஓர் அடிபம்பு, இரண்டு கழிவறைகள். எங்கள் பங்குக்கு 10-க்கு 12 அடியில் ஓர் அறை. அதை ஒட்டி, ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே வரவேண்டிய சமையல்கட்டு. அதற்குள் நான், என் கணவர், மாமியார், பிறகு மகன், மகள் என்று ஐந்து பேர். 1994-இல் கொஞ்சம் பெரிய வீட்டுக்குப் போகும்வரை பதினோரு வருஷம் அங்கேதான் இருந்தோம். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

தரைதான் சொத்து

சின்ன வீட்டில் பணத்தைவிடச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியது தரையை. எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது. காலை ஆறு மணிக்குப் பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவோம். படுக்கையறை போய்க் கூடம் வந்துவிடும். எட்டரைக்கு அதுவே சாப்பாட்டு அறை, மாலையில் பள்ளிக்கூடம். தலையணைகளையும் போர்வைகளையும் வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போடுவேன். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற இடத்தில் இந்தச் சுத்தம் மிகவும் அவசியம்.

அடுத்தது சாமான். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட கதை வேடிக்கை. பழைய துணிகள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவே என்று தெருவில் வந்த பாத்திரக்காரியைக் கூப்பிட்டு ஒரு மூட்டை துணியைப் போட்டேன். பதிலுக்கு வாங்கியது மூன்று எவர்சில்வர் டப்பாக்கள்! சாயங்காலம் என் கணவர் வந்து பார்த்துவிட்டு, “துணியாவது மடங்கும். இது மடங்குமா?” என்றார். அதற்குப் பிறகு பழைய துணியைத் தேவைப்பட்டவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடுவேன்.

காற்றுக்கும் இடம் வேண்டும்

என் மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது, 1986-இல், ராத்திரியானால் ஒரே இருமல். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கொசுவர்த்தியை ஏற்றிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்களா?” என்பதுதான். ஆமாம், அப்படித்தான் செய்தோம்! சின்ன அறையில் அந்தப் புகை வெளியேற வழியில்லாமல் அத்தனை பேர் நெஞ்சுக்குள்ளும்தானே போகும்? அன்றைக்கே கொசுவர்த்தியை நிறுத்தினோம். கொசுவலை வாங்கிக் கட்டி ஜன்னலைத் திறந்து வைத்தோம். இரண்டு மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது. (குழந்தைக்கு மூச்சு இரைத்தாலோ, மார்பு உள்வாங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.)

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்கவேண்டும் என்பது கட்டட விதி. எங்கள் 120 சதுர அடிக்கு 20 சதுர அடி தேவை. இருந்ததோ 3-க்கு 4 அடியில் ஒரே ஜன்னல், அதாவது 12 சதுர அடி. அதனால் பகலெல்லாம் கதவு திறந்தே இருக்கும். ஜன்னலை மறைத்து எந்தச் சாமானையும் வைக்கமாட்டோம். ஈரத்துணி மாடியில்தான் காயும். அறைக்குள் கொடி கட்டியதே இல்லை.

குழந்தை இருக்கிற சிறு வீட்டில் இன்னும் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், அதாவது குழந்தை தவழ்கிற உயரத்தில். சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தையோடு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தவழும் குழந்தைக்குப் பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்து. கவிழ்த்து வையுங்கள், அல்லது கெட்டியாக மூடி வையுங்கள். பிடித்து வைத்த தண்ணீர்ப் பாத்திரங்களை வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவிவிட்டால் டெங்கு கொசு முட்டையிட்டுப் பெருகாது.

அந்த டிரங்குப் பெட்டி

இதெல்லாம் சாமான் சமாசாரம். மனிதர்கள் சமாசாரம்தான் கஷ்டம்.

1989-இல் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். உட்கார்ந்து எழுத ஒரு கணக்குப்பிள்ளை மேஜை வாங்கினோம். வைக்க இடமில்லை. எந்த மூலையைப் பார்த்தாலும் மாமியாரின் டிரங்குப் பெட்டியே கண்ணில் பட்டது. அன்று தண்ணீர் வராத நாள். மகளுக்கு ஜுரம் வேறு. “கால் வைக்க இடமில்லாத வீட்டில் இந்தப் பெட்டி வேற!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாமியார் கோலப்பொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் இவர் ஆபீசுக்குப் போனபின் திரும்பிப் பார்க்கிறேன், பெட்டி வாசற்படி ஓரத்தில் இருந்தது. மாமியார் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். அரக்கோணத்தில் மூத்த மகன் வீடு. கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த நிமிஷம்தான் உறைத்தது. மாட்டுவதற்கு எனக்கு ஆணி உண்டு; இவருக்கு அலமாரித் தட்டு உண்டு; குழந்தைகளுக்கு பொம்மைக் கூடை உண்டு. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய அந்த அம்மாளுக்கு அந்த அறையில் தனக்கென்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைத்தான் நான் இடைஞ்சல் என்றேன்.

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். மேலே ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். “தப்பாப் பேசிட்டேன் அத்தை. பெட்டி இங்கதான் இருக்கணும். நீங்களும்தான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “பெட்டியை நகர்த்தினா மூலையைப் பெருக்கலாமேன்னுதான் வாசல்ல வச்சேன்” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். என்ன கௌரவம் பாருங்கள்!

ஆளுக்கு ஓர் இடம்

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எவ்வளவு சின்னதானாலும் ஆளுக்கு ஓர் இடம். அதை மற்றவர் கேட்காமல் தொடக்கூடாது. ஜன்னலடிப் பெட்டி மாமியாருக்கு. அதை ஒட்டிய மேஜை மகனுக்கு. அவன் எழுத எழுதப் பாட்டி மேலிருந்து பார்த்துக்கொள்வார். சுவர் மாடம் மகளுக்கு. எனக்கு இடம் இல்லை, நேரம்தான் கிடைத்தது. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுவரை சமையல்கட்டு வாசற்படியில் பத்திரிகையோடு உட்காருவேன். யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது!

அதோடு, வீட்டின் கூடத்தை வெளியே தேடிக்கொண்டோம். மாலையில் நடந்தால் மெரினா. குழந்தைகள் கத்தி ஓடி ஆடியதெல்லாம் அந்த மணலில்தான். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற குழந்தைதான் அடம்பிடிக்கும். ஓடிக் களைத்த குழந்தை தூங்கிவிடும்.

இன்னொன்று. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாமியார் சனிக்கிழமை சாயங்காலங்களில் பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பார்த்தசாரதி கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். “கூட்டம் இருக்கும், எட்டரை ஆகும்” என்று எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போவார். ஒரே அறையில் வாழ்கிற புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! நான் அவருக்கு ஒரு மூலை கொடுத்தேன். அவர் எனக்கு வீட்டையே கொடுத்தார்.

போன வாரம் தம்பி மகள் மறுபடி பேசினாள். கட்டிலை விற்றுவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுக்கொண்டார்களாம். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாராம். “அவங்களுக்கு எந்த இடம் ஒதுக்கியிருக்கே?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பால்கனிப் பக்கம் ஒரு நாற்காலி போடறேன் அத்தை” என்றாள்.

அது போதும். நீங்களும் இன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தனக்கென்று இன்னும் ஓர் இடம் இல்லாதவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.