கூரைத் தகரத்தில் தகரம் உண்டா?

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சென்றதில்லை என்றால் இந்தக் கட்டுரையின் துணையோடு மனத்தளவில் ஏறிவிடுங்கள். இத்தகைய மலையூர்களில் புல் வேய்ந்த கூரைகளுக்கும் ஓட்டுக் கூரைகளுக்கும் இடையே தகரக் கூரைகளையும் காணலாம். ஓடுகளைவிடத் தகரம் இலேசானது. மலைப் பாதையில் ஏற்றிச் செல்வதும் எளிது.

அத்தகைய கூரை ஒன்றின் அடியில் நின்று, அதன் ஓரத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அளவுக்கு ஏற்பக் கத்தரியால் வெட்டிய விளிம்பு அது. வெட்டியபோது உள்ளே இருக்கும் இரும்பு வெளியே தெரிந்திருக்க வேண்டும். மழை அந்த விளிம்பின் வழியாகத்தான் சொட்டுகிறது. ஆயினும் பல ஆண்டுகள் வரை அங்கே பெரிதாகத் துரு ஏறுவதில்லை.

இப்பொழுது வீட்டுக்குள் வாருங்கள். காலியான எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, ஆணியால் ஆழமாக ஒரு கோடு கீறி, மழையில் வைத்துவிடுங்கள். சில நாட்களில் அந்தக் கோடு பழுப்பு நிறமாகிவிடும். கொஞ்ச நாளில் அங்கே ஓட்டையே விழுந்துவிடும்.

இரண்டையும் நாம் தகரம் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் மேற்பூச்சுப் பூசிய இரும்புத் தகடுகளே. அப்படியிருக்க, ஒன்று காயம் பட்டும் பிழைத்துக்கொள்கிறது. மற்றொன்று சிறு கீறலுக்கே மடிந்துவிடுகிறது. ஏன்?

விடையின் பாதி பெயரிலேயே இருக்கிறது. தகரம் என்பது வெள்ளீயத்துக்கு மற்றொரு பெயர். எண்ணெய் டின்னின் மேல் இருப்பது வெள்ளீயம். ஆனால் கூரைத் தகட்டின் மேல் பூசியிருப்பது வெள்ளீயம் அன்று; துத்தநாகம்! கடைக்காரர் 'ஜி.ஐ. ஷீட்' என்று சொல்வது இதைத்தான். விடையின் மறுபாதியை அறிய, முதலில் துருவைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

துரு என்பது என்ன?

இரும்பு பூமியில் பெரும்பாலும் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து தாதுவாகவே கிடக்கிறது. சித்தேரிக்குச் செல்லும் வழியில் நாம் பேருந்து ஏறிய அரூரை அடுத்த தீர்த்தமலைப் பகுதியில்கூட மாக்னடைட் என்னும் இரும்புத் தாது உண்டு. தாதுவை உலையிலிட்டு, பெரும் வெப்பத்தைச் செலவிட்டு, ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தே இரும்பைப் பெறுகிறோம். சந்தர்ப்பம் கிடைத்தால் இரும்பு மறுபடியும் ஆக்சிஜனோடு சேரவே பார்க்கும். அதற்குத் துணை செய்வது நீர்.

ஈரம் படிந்த இரும்பின் மேற்பரப்பில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே ஓடி வேறோர் இடத்தை அடைகின்றன. அங்கே நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. பார்த்தீர்களா? ஒரு சொட்டு நீரில் ஒரு சிறிய மின்கலமே வேலை செய்கிறது! கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டம் எளிதாகிறது, துருவும் விரைவாகிறது.

துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படுகிறது. நோய் அடியோடு தின்னும்வரை நிற்பதில்லை.

யார் முதலில் கரைவது?

எலக்ட்ரான்களை இழக்கும் ஆர்வம் எல்லா உலோகங்களுக்கும் ஒரே அளவில் இல்லை. வேதியியலார் இதை மின்னழுத்தமாக அளந்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். துத்தநாகம் –0.76 வோல்ட், இரும்பு –0.44, நிக்கல் –0.25, வெள்ளீயம் –0.14, செம்பு +0.34. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், பொதுவாக இந்த வரிசையில் முன்னால் நிற்பது கரையும். பின்னால் நிற்பது தப்பிக்கும்.

இப்போது புதிர் அவிழ்ந்துவிட்டது அல்லவா? கூரைத் தகட்டில் கீறல் விழுந்தால், இரும்புக்கு முன்னால் நிற்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. எண்ணெய் டின்னில் கீறல் விழுந்தால் நிலைமை தலைகீழ். வெள்ளீயம் இரும்புக்குப் பின்னால் நிற்பது. மேற்பரப்பு முழுவதும் பரவிய வெள்ளீயத்துக்காக, கீறலில் தெரியும் துளி இரும்பு கரையவேண்டியதாகிறது. காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்!

அப்படியானால் டின்களுக்கு வெள்ளீயம் எதற்கு? உணவோடு பட்டாலும் அது உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. பித்தளைப் பாத்திரங்களுக்கு நம் பாட்டிமார் ஈயம் பூசி வந்ததும் அந்த வெள்ளீயத்தைத்தான். துத்தநாகமோ புளிப்பான உணவில் கரைந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒவ்வொரு வேலை.

துத்தநாகத்தின் தியாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மழை ஈரம் மெல்லிய படலமாக இருக்கும்போது, சில மில்லிமீட்டர் தூரம் வரைதான் அது இரும்பைக் காக்கும். அகலமாகச் சுரண்டப்பட்ட இடத்தை அதனால் காப்பாற்ற முடியாது.

அடுக்கடுக்காய் ஒரு கவசம்

உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் யோசனையை 1742-ல் பிரெஞ்சு வேதியியலார் மலுவேன் எடுத்துரைத்தார். 1837-ல் அதே நாட்டின் சோரல் இதற்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பதில் நம் நாடு அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தேர்ந்திருந்தது. 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும் இந்த உலோகத்தை, இராஜஸ்தானத்தின் ஜாவரில் மண் மூசைகளில் வடித்துக் குளிரவைத்துத் திரட்டினார்கள்.

துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும். தொட்டியில் அதை 450 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள். மின்கம்பிகளைத் தாங்கும் கோபுரச் சட்டங்களையும் ஜி.ஐ. பைப்புகளையும் அமிலத்தில் கழுவிச் சுத்தம் செய்து இதில் முக்கி எடுக்கிறார்கள். வெளியே ஒரே பூச்சாகத் தெரிவதை நுண்ணோக்கியில் பார்த்தால் நான்கு அடுக்குகள்! இரும்பும் துத்தநாகமும் கலந்து உண்டான மூன்று அடுக்குகள் உள்ளே; வெளியே போகப் போக இரும்பின் பங்கு குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஏறக்குறையத் தூய துத்தநாகம். நடுவிலுள்ள அடுக்குகள் அடியிலிருக்கும் எஃகைவிடக் கடினமானவை, மேலடுக்கு மென்மையானது. இடித்தால் மேலடுக்கு நசுங்கி அடியைத் தாங்கிக்கொள்ளும்; உரசினால் நடு அடுக்குகள் தேயாமல் நிற்கும். கூரைத் தகட்டில் தொட்டியிலேயே சிறிது அலுமினியம் சேர்த்து இந்தக் கலப்பு அடுக்குகள் வளராமல் தடுத்துவிடுகிறார்கள். தகட்டை நெளி நெளியாக வளைக்கும்போது பூச்சு வெடிக்கக் கூடாதே!

சைக்கிளின் கைப்பிடியைப் பாருங்கள். அங்கே அடுக்கு வேறு விதம். கண்ணைப் பறிக்கும் குரோமியப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் ஏறக்குறையக் கால் பங்குதான். (ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்.) அதன் அடியில் பல மைக்ரான் கனத்தில் நிக்கல். நல்ல வேலைப்பாட்டில் நிக்கலையே இரண்டு அடுக்காகப் பூசுவார்கள். மேல் நிக்கலில் சிறிதளவு கந்தகம் கலந்திருப்பதால் அது எளிதில் கரையும். கீழ் நிக்கலில் கந்தகம் அநேகமாக இல்லை. குரோமியத்தின் நுண்துளை வழியே இறங்கும் அரிமானம் மேல் நிக்கலைத் தின்று பக்கவாட்டில் பரவுகிறது, கீழே இறங்குவதில்லை. இங்கும் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்குக்காகக் கரைகிறது. கீழ் நிக்கலும் துளைபட்டுவிட்டால் இரும்புக்குத் துணை இல்லை. பழைய சைக்கிளில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் அதற்குச் சாட்சி.

சித்தேரியில் ஒரு கணக்கு. பாம்பனில் ஒரு கணக்கு

வாருங்கள், ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜி.ஐ. ஷீட்டின் பூச்சை 'ஜி.எஸ்.எம்.' என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரு பக்கமும் சேர்ந்து எத்தனை கிராம் துத்தநாகம் என்பதே அது. 275 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பக்கத்துக்கு 137.5 கிராம். துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். ஆகவே ஒரு சதுர மீட்டரில் ஒரு மைக்ரான் கனத்துக்கு 7.14 கிராம் வேண்டும். 137.5-ஐ 7.14-ஆல் வகுத்தால் சுமார் 19 மைக்ரான். 120 ஜி.எஸ்.எம். தகட்டில் 8.4 மைக்ரான்தான்!

கடலுக்குத் தொலைவான, ஆலைப் புகையற்ற நாட்டுப்புறக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை தேய்கிறது. மலைக்காற்றில் ஆண்டுக்கு 0.5 மைக்ரான் என்று கொண்டால், 275 ஜி.எஸ்.எம். தகடு சுமார் 38 ஆண்டுகள் தாங்கும். 120 ஜி.எஸ்.எம். தகடு 17 ஆண்டுகள்கூடத் தாங்காது. அதே 275 ஜி.எஸ்.எம். தகட்டை உப்புக்காற்று கடுமையாக வீசும் கடற்கரையில் போட்டால் என்ன ஆகும்? அங்கே தேய்மானம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான். 5 மைக்ரான் என்று கொண்டால் நான்கு ஆண்டுகளுக்குள் பூச்சு காலி! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இடம் அறிந்து பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தெளிவு.

உப்புக்காற்றின் வலிமைக்குப் பாம்பனே சான்று. 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் 1964-ன் பெரும் புயலில் சேதமடைந்தும் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டு மீண்டும் எழுந்தது. ஆனால் நாள்தோறும் அரித்த உப்புக்காற்றை அதனால் வெல்ல முடியவில்லை. கப்பல்களுக்கு வழிவிடத் திறந்து மூடும் பகுதியில் அரிமானம் முற்றியதால், 2022 டிசம்பரில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், பாலிசிலாக்சேன் என்னும் காப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் போரில் ஈடுபட்டிருக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் இந்நிறுவனத்துக்கு ஓர் ஆய்வு நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அவை எவ்வளவு தேய்கின்றன என்று ஆராய ஏற்ற இடம் அல்லவா அது!

செய்து பாருங்கள்

மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றுங்கள். மூன்றாவதில், உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் துத்தநாகப் பட்டை ஒன்று கேட்டுப் பெற்றுச் சுற்றுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, ஆணிகளைப் போடுங்கள். மூன்று நாட்கள் கழித்துப் பாருங்கள். எந்த ஆணி அதிகம் துருப்பிடிக்கும்? எது தப்பிக்கும்? மேலே தந்த வரிசையைப் பார்த்து முன்கூட்டியே விடையை எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் கூரை போடுவதாக இருந்தால், இந்த அறிவு உங்கள் பெற்றோருக்கும் பயன்படும். கடையில் விலையோடு ஜி.எஸ்.எம். அளவையும் கேட்கச் சொல்லுங்கள். வாங்கிய தகடுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டாம். காற்றோட்டம் இல்லாமல் வெள்ளைத் துரு பூத்து, கூரை ஏறுமுன்பே துத்தநாகம் வீணாகும். செம்புக் கம்பியில் பட்ட நீர் தகட்டின் மேல் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமாகச் சுரண்டிய இடத்தில் துத்தநாகத் தூள் கலந்த பெயிண்ட்டைத் தடவுங்கள்.

கூரை போடுவது ஒரு குடும்பத்துக்குச் சிறிய செலவன்று. 17 ஆண்டுகளுக்குப் பதில் 38 ஆண்டுகள் என்றால், ஒரு தலைமுறைக்கு இன்னொரு கூரைச் செலவு மிச்சம். அதை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத சில மைக்ரான்கள். அடுத்த முறை கூரையில் மழை தடதடவென்று விழும்போது, உங்களுக்காக அங்கே கரைந்துகொண்டிருக்கும் துத்தநாகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்!