நிலத்துக்குக் கீழே ஓர் ஊர்: கூபர் பீடி

அடிலெய்டில் இருந்து வடக்கே 846 கிலோமீற்றர். பஸ்ஸிலும் போகலாம், சிறு விமானமும் உண்டு. நாங்கள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரில் போனோம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வழி தவற இடமில்லை, பெற்றோல்தான் கவலை. கிளென்டம்போவில் நிரப்பாவிட்டால் அடுத்த சுமார் 250 கிலோமீற்றருக்கு எதுவும் இல்லை. தண்ணீரையும் மேலதிகமாக எடுத்துச் செல்லுங்கள்.

வழியில் பிம்பாவில் வூமெராவுக்கு ஒரு பாதை பிரிகிறது. 1999 முதல் 2003 வரை படகில் வந்த அகதிகளை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்த இடம் அது. காருக்குள் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

1915இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இங்கே ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தான். ஊர் அப்படித்தான் உருவானது. பூர்வகுடிகளின் மொழியில் 'வெள்ளையரின் குழி' என்பதுதான் பெயரின் பொருள் என்கிறார்கள். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். நிலத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் 23, 24 பாகைதான். அதனால் ஊரில் பாதிப்பேர் குன்றைக் குடைந்து வாழ்கிறார்கள். தேவாலயங்கள், விடுதிகள்கூடக் கீழேதான். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்து திரும்பிய படையினரே இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள்.

நாங்கள் தங்கிய அறையும் அப்படியொன்று. உள்ளே வந்ததும் அம்மா கூரையைத் தடவிப் பார்த்தார். "மண் கொட்டாதோ?" என்று கேட்டார். வன்னியில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கியும் மழைக்கு இடிந்த பங்கர்களை அறிந்தவர் அவர். இங்கே மணற்கல் இறுக்கமானது, தூண் இல்லாமலே நிற்கும். காற்றுக்கு மேலே குழாய் விட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார்.

பழைய சுரங்கம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம். மாலையில் பிரேக்கவேஸ் குன்றுகளுக்குப் போங்கள். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில், ஓப்பல் வயல் என்றுதான் சொல்கிறார்கள், இறங்கி நடக்காதீர்கள். மூடப்படாத ஆழமான குழிகள் ஏராளம். படம் எடுக்கப் பின்பக்கமாகக் கால் வைப்பவர்களுக்கென்றே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இரண்டாம் இரவு, கதவைத் திறந்து வைத்தால் படுக்கிறேன் என்றார் அம்மா. திறந்து வைத்தோம். விடிய ஏழு மணிக்குத்தான் எழும்பினார்.