கணினி திறக்கவில்லையா? ‘ஃபார்மட்’டுக்குத் தலையாட்டாதீர்கள்!

செலாயாங் வட்டாரக் கணினிக் கடைகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் இருக்கும் மடிக்கணினி ஒருநாள் லினக்ஸைக் காட்டாமல் நேரே விண்டோஸுக்குப் போகும், அல்லது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று நிற்கும். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ஃபார்மட் அடிக்கணும்” என்பார். வாடிக்கையாளரும் சரியென்பார். மகளின் ஆய்வேடும் குடும்பப் படங்களும் அன்றோடு போயின.

கெட்டது பெரும்பாலும் பூட் லோடர் மட்டும்தான். எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று முடிவு செய்யும் சிறிய நிரல் அது. கோப்புகள் அப்படியே இருக்கும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பழைய கணினிகளில் பலரும் லினக்ஸை ஏற்றுகிறார்கள். இந்தச் சிக்கல் இனி கூடத்தான் செய்யும்.

முதலில் செய்ய வேண்டியது, கணினியைத் தொடங்கும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போவது. ‘பூட் ஆர்டர்’ பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ மேலேயும் ‘உபுண்டு’ கீழேயும் இருந்தால், உபுண்டுவை மேலே ஏற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் புதுப்பிப்பு வரிசையை மாற்றியிருந்தால் வேலை இத்துடன் முடிந்தது. காசு கொடுக்க இதில் ஒன்றுமில்லை.

லினக்ஸ் திறந்து, பட்டியலில் விண்டோஸைக் காணவில்லையா? லினக்ஸின் பூட் லோடரான கிரப்பில், 2021-இல் வந்த 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டுள்ளது. இடிசி, டிஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பில் ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்’ வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். முன்னால் # குறி இருந்தால் நீக்குங்கள். பிறகு ‘சூடோ அப்டேட்-கிரப்’ கட்டளை கொடுங்கள்.

எந்தப் பூட் லோடரைத் தேர்ந்தெடுப்பது என்றால், வீட்டுக்கு கிரப் போதும். இன்னொரு பூட் லோடரான சிஸ்டம்டி-பூட் எளிமையானது. ஆனால் கெர்னல் கோப்புகளைப் பொதுவாக, பூட் லோடர்கள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியிலேயே வைக்கக் கேட்கும். விண்டோஸ் ஒதுக்கும் 100 எம்பி அதற்குப் பற்றாது. உபுண்டுவையும் லினக்ஸ் மின்டையும் ஒரே கணினியில் ஏற்றுவோர் கவனம்: இரண்டும் இஎஃப்ஐ பகுதியில் ‘உபுண்டு’ என்ற ஒரே அடைவில் எழுதும். பின்னால் வந்தது முன்னதை மேலெழுதிவிடும். ஒரு கிரப் மட்டும் பொறுப்பில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து, வட்டைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு. அதில் எப்படிச் சிக்குவோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2024 ஆகஸ்ட் 13-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்க விடாமல் தடுத்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. இத்தனை மாதம் பயனீட்டாளரைக் காக்க வைத்தது அநியாயம். ‘செக்யூர் பூட்’டைத் தற்காலிகமாக அணைப்பதே அன்று வழி. ஆனால் அதை அணைத்தால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் விண்டோஸ் பக்கக் கோப்புகள் திரும்பாமல் போகலாம். எதையும் தொடும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், தாளில்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேலைச் சீட்டில் “கோப்புகளை அழிக்கக் கூடாது” என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் கிளம்பாதீர்கள். அதை மீறி அழித்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழுள்ள மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், டிடிபிஎம்-மில், போராங் 1-ஐ நிரப்புங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம். வேலைச் சீட்டு, ரசீது, கடையோடு நடந்த வாட்சாப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

நடுவர் மன்றம் பணத்தை வாங்கித் தரலாம், படங்களை மீட்டுத் தராது. இன்றிரவே ஒரு வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள்.